பெயரிலாக் கம்பு

பேராக்கு மாநிலத்தின் தென்கோடியிலே, பெர்ணம் ஆற்றங்கரையிலே, ஹுத்தான் மெலிந்தாங் என்றோர் ஊர் உளது. ஹுத்தான் என்பது மலாய் மொழியிற் காடு. மெலிந்தாங் என்பது குறுக்கே கிடப்பது. குறுக்கே கிடந்த காடு என்பதே ஊர்ப்பெயரின் பொருள். அக்காடு இன்று குறுக்கே கிடக்கவில்லை. அதனைச் சாய்த்து, அவ்வட்டாரத்திலே தென்னையும் ரப்பரும் பின்னர்ச் செம்பனையும் நட்ட கைகளுள் தமிழர் கைகளும் உண்டு. ஆயினும் ஊர்ப்பெயரிலே தமிழுக்குப் பங்கில்லை. தமிழர் அதனைத் தம் நாவுக்கேற்ப ஊத்தான் என்று திரித்ததோடு சரி. அண்டை நகராகிய தெலுக் இந்தான், ஆன்சன் என்னும் ஆங்கில அதிகாரியின் பெயரைச் சுமந்து 1982 வரை தெலுக் ஆன்சன் என்றே நின்றது. அருகிலுள்ள ஜெண்டராட்டாத் தோட்டத்தை 1906இல் தொடங்கியவர் டென்மார்க்கு நாட்டினராகிய வெஸ்டன்ஹோல்ஸ். ஊருக்குப் பெயரிடும் உரிமை ஒருவரிடம் இருந்தது. தோட்டத்துக்குப் பெயரிடும் உரிமை மற்றொருவரிடம் இருந்தது.

தோட்டத் தமிழன் பெயரிடக்கூடியவை இரண்டே எஞ்சின. ஒன்று அவன் பிள்ளை. மற்றொன்று அவன் கையிலிருந்த கம்பு. பிள்ளைக்கு அவன் பெயரிட்டான். கம்புக்கு இட்டானா? இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பழங்கதை எதற்கு என்று கேட்பார் இருக்கலாம். காரணம் உண்டு. இக்காலத்தே சிலம்பம் பயிலும் இளைஞர் பலர் சிலம்பத்தோடு நிற்பதில்லை. மலாய் அண்டையரிடம் சிலாட்டு கற்கின்றனர். ஜப்பானியக் கராத்தேயிலும் கொரியத் தேக்வாண்டோவிலும் கை வைக்கின்றனர். ஒன்றிற் சில அடியைக் கழித்து, மற்றொன்றிற் சில பூட்டைக் கூட்டித் தமக்கென ஒரு முறை வகுக்கும் ஆர்வம் அவருட் சிலர்க்கு எழுகின்றது. எழுதல் நன்றே. வகுத்தபின் அதற்கு என்ன பெயர்? உடனே அகத்தியரைத் தேடி ஓடுவோர் உளர். ஐயாயிரம் ஆண்டுக் கலை என்று பலகையில் தீட்டுவோர் உளர். குலப்பெயரை ஒட்டவைப்போரும், தம் பெயரையே சூட்டிக்கொள்வோரும் உளர். நேற்று மாலை வகுத்த அடிக்கு ஐயாயிரம் ஆண்டு வயது எங்ஙனம் வந்தது? அந்த ஐயாயிரம் ஆண்டு யாரை மறைக்கின்றது? இவ்வினாவுக்கு விடை பழைய லயங்களிலே கிடைக்கும்.

தோட்டத்து நாளை நினைவுகூர்வோம். விடியுமுன்னே பெரட்டு. அதன்பின் பால்வெட்டு; மரத்துக்கு மரம் ஓட்டம்; வாளி சுமந்து நிறுவைக்கு நடை. மாலையிலே, லயத்தின் முன்றிலிலோ மாரியம்மன் கோயில் வெளியிலோ, கம்புப் பயிற்சி. கற்பித்த வாத்தியார் பகலிலே பால் வெட்டியவரே. கிராணியின் செக்ரோலில் அவர் ஒரு வரி. அவ்வரியில் அவருடைய நாட்கூலி உண்டு, கம்பு இல்லை. அவர் தஞ்சையிலிருந்தோ, வடவார்க்காட்டிலிருந்தோ, திருச்சிராப்பள்ளியிலிருந்தோ ஊர் வாத்தியாரிடம் கற்றதைக் கொணர்ந்தார். கொணர்ந்தது கொணர்ந்தபடியே இருந்ததா? இருந்திருக்க முடியாது. ஊரிலே மூங்கிற் கம்பில் பழகிய கை, இங்கே காட்டுப் பிரம்பைப் பற்றிற்று. மூங்கில் உள்ளே துளையுடையது; பிரம்பு உள்ளே நிறைந்தது. மூங்கில் அடிபட்டாற் பிளக்கும். பிரம்பு வளைந்து மீளும். கம்பு மாறினால் வீச்சு மாறும். வீச்சு மாறினால் காலடி மாறும். அன்றியும் ஒரே லயத்தில் ஒரு மாவட்டத்தான் பக்கத்திலே மற்றொரு மாவட்டத்தான் குடியிருந்தான். ஊரில் ஒருவரையொருவர் கண்டிராத இரண்டு வாத்தியார்கள் இங்கே ஒரே வெளியிற் கம்பு சுற்றினர். ஒருவர் அடியை ஒருவர் பார்த்தனர், பார்த்ததைக் கொண்டனர். கலை புதிதாகப் பிறக்கும் வழி வேறென்ன இருக்கின்றது? ஜப்பானிலும் சீனத்திலும் நூலேறிய பல முறைகள் இவ்வண்ணமே பிறந்தன. அங்கே பிறந்ததற்குப் பெயரிட்டனர். இங்கே பிறந்தது பெயரின்றியே வளர்ந்து, வாத்தியாரோடு மண்ணுக்குட் சென்றது.

ஏன் பெயரிடவில்லை? குருபக்தி ஒரு காரணம். நான் புதிதாக வகுத்தேன் என்று சொல்வது ஆசானை மீறுவதாகக் கருதப்பட்டது. ஆட்சி மற்றொரு காரணம். சீனரின் இரகசியக் கூட்டங்களை ஒடுக்குவதற்கென 1889இல் நீரிணைக் குடியேற்றங்களில் ஆங்கிலேயர் ஒரு சங்கச் சட்டம் செய்தனர். பெயர் பூண்டு கூடும் கூட்டம் எதனையும் ஐயக்கண்ணோடு நோக்குவது அக்கால ஆட்சியின் இயல்பு. தடியோடு கூடும் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. துரைக்குத் தெரியாமல் இருப்பதே நலம் என்று எண்ணிய வாத்தியார், பலகை எழுதித் தொங்கவிடுவாரா? இன்று நிலை தலைகீழாயிற்று. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி ஏழு பேரோ அதற்கு மேலோ கூடிச் சங்கம் நடத்தினாற் பதிவு வேண்டும். பதிவுக்குப் பெயர் வேண்டும். அன்று பெயர் ஆபத்து. இன்று பெயரின்மை ஆபத்து.

நிற்க. சிலம்பத்துக்குள் உட்பிரிவுப் பெயர்களே இல்லையோ எனின், உண்டு. துளுக்காணம், குறவஞ்சி, மறக்காணம், பனையேறி மல்லு, நாகதாளி, கள்ளன்கம்பு என்று பல சொல்லப்படுகின்றன. இப்பெயர்களைச் சற்று உற்று நோக்குக. பனையேறி மல்லு என்பதிலே பனையேறும் உழைப்பாளி நிற்கின்றான். குறவஞ்சியிலே குறத்தி நிற்கின்றாள். கள்ளன்கம்பிலே நிற்பவன் திருடனா, ஒரு குலத்தானா என்பது கேட்பவர் மனத்தைப் பொறுத்தது. ஒரு பெயரிலேனும் வகுத்தவன் இருக்கின்றானா? இல்லை. எல்லாம் பார்த்தவர் இட்ட பெயர்கள். பனையேறிகள் ஆடுவது போலிருக்கின்றது என்று எவனோ திண்ணையிலிருந்து சொன்னான், அது நிலைத்தது. ஆடியவன் தன்னை என்ன பெயரால் அழைத்தான் என்பதை ஒருவரும் கேட்டிலர். ஆட்டம் தொடங்குமுன் செய்யும் வணக்கத்துக்குச் சலாம் வரிசை என்று பெயர். சலாம் என்பது தமிழ்ச்சொல் அன்று. தூய தமிழ்க் கலை, பிறர் நிழல் படாத கலை என்று மார்தட்டுவோர் முதல் வணக்கத்திலேயே அராபியச் சொல்லைச் சொல்லித்தான் தொடங்குகின்றனர். இதிலே நாணுதற்கு ஒன்றுமில்லை. பல மக்கள் கூடிப் பழகிய கலை என்பதற்கு அச்சொல்லே சான்று.

உட்பெயர்களும் இப்பொழுது தேய்ந்து வருகின்றன. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நிகழ்ந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டிலே சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மகிழத்தக்க செய்தியே. ஆனால் போட்டிக்கு ஒரே விதி வேண்டும். ஒரே விதிக்கு ஒரே பெயர் வேண்டும். பொதுப்பெயர் மேடை ஏற ஏற, உட்பெயர்கள் கீழே நின்றுவிடும். முன்னரே பெயரில்லாத தோட்டத்து முறைகள் மேடையின் கீழும் நில்லா.

குலப்பெயருக்கு வருவோம். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டிலே கூடிய முதற் சுயமரியாதை மாநாடு, பெயரின் பின்னே சாதிப் பட்டம் ஒட்டுதலை ஒழிக்கத் தீர்மானித்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே பெரியார் ஈ. வெ. இராமசாமி மலாயாவுக்கு வந்தார். ஈப்போவிலும் தமிழர் கூடிய கூட்டத்தில் பேசினார். 1932இல் சிங்கப்பூரிலே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றிற்று. 1935இல் தமிழ் முரசு வெளிவந்தது. மனிதன் பெயரிலிருந்து சாதியை வெட்டியெறிய வேண்டும் என்று அன்று எழுந்த குரல் தோட்டத்து லயங்களையும் எட்டிற்று. மனிதன் பெயரிலிருந்து வெட்டிய வாலைக் கம்பின் பெயரிலே ஒட்டவைத்தால் என்ன பயன்? தோட்டத்து வெளியில் இன்ன சாதியான் இன்ன சாதியானுக்குக் கம்பு கற்பிக்கலாகாது என்றிருந்த காலம் உண்டு. அக்காலத்தின் நினைவைப் பெயர்ப்பலகையில் ஏற்றிப் பிள்ளைகளிடம் கொடுக்கும் உரிமை எந்த ஆசானுக்கும் இல்லை. பனையேறி என்னும் பெயர் போன்ற உழைப்பின் பெயர் வேறு. உயர்வு பேசும் குலப்பட்டம் வேறு. முன்னதை இழிவு என்று மறைப்பதும் பின்னதைப் பெருமை என்று சூட்டுவதும் ஒரே நோயின் இரு குறிகள்.

இனி முனிவர். மலையாள நாட்டுக் களரிப்பயிற்றிலே வடக்கன் முறையார் தம் கலையைப் பரசுராமர் தந்தார் என்பர். தெற்கன் முறையார் அகத்தியர் தந்தார் என்பர். தெற்கன் முறை வழங்கிய கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்தது; 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அங்கே அதனை அடிமுறை என்றும் வர்ம அடி என்றும் வழங்குவர். ஆட்சியின் எல்லைக்கோடு கலையின் நடுவே சென்றது. கோட்டுக்கு அப்பால் ஒரு பெயர், இப்பால் ஒரு பெயர். அடிமுறை என்பது எவ்வளவு நேர்மையான பெயர்! அடிக்கும் முறை, அவ்வளவே. அதிலே முனிவர் இல்லை, மந்திரம் இல்லை, குலம் இல்லை. கேட்டவுடன் பொருள் விளங்குகின்றது. ஆனால் அப்பெயரை வைத்தபின்னும் அகத்தியரை அழைத்து வாயிலில் நிறுத்தினாலன்றி மாணவர் வரமாட்டார் என்று அஞ்சுவோர் இருக்கின்றனர். அகத்தியர்க்குக் கொடுத்த பெருமை யாரிடமிருந்து எடுக்கப்பட்டது? தலைமுறை தலைமுறையாகக் கை முறிந்து, தோள் வீங்கி, அடியும் தடையும் கண்டுபிடித்த பெயரறியா உழைப்பாளரிடமிருந்து எடுக்கப்பட்டது. முனிவர் ஒருவர் ஒரே நாளில் அருளினார் என்பது அவ்வுழைப்பாளர்க்குச் செய்யும் கூலிக்குறைப்பேயாகும்.

தாமே வகுத்ததற்குத் தாமே பெயரிட்ட பிற நாட்டார் எவ்வாறு நடந்தனர்? அவர்தம் வரலாறு நமக்குப் பயன்படும். அவை யாவும் அண்மைக்கால நிகழ்ச்சிகள், ஆண்டோடு தெரிந்தவை.

ஜப்பானிலே கானோ ஜிகோரோ என்னும் இளைஞர் ஜுஜுத்சு என்னும் பழைய மல்லை இரண்டு மூன்று ஆசான்களிடம் கற்றார். அக்காலத்தில் அக்கலைக்கு நற்பெயர் இல்லை. சண்டைக்காரர் கலை என்றும், காசுக்குக் காட்சி நடத்துவோர் கலை என்றும் மக்கள் எண்ணினர். 1882இல் அவர் தோக்கியோவின் எய்ஷோஜி என்னும் புத்தர் கோயிலில், 12 பாய் விரித்த இடத்தில், தம் பள்ளியைத் தொடங்கினார். ஜுஜுத்சு என்பதில் 'ஜு' என்னும் மென்மையை வைத்துக்கொண்டார். வித்தையைக் குறிக்கும் 'ஜுத்சு'வை நீக்கி, நெறியைக் குறிக்கும் 'தோ'வை வைத்தார். ஜுதோ பிறந்தது. ஈண்டுக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஜுதோ என்னும் சொல்லும் அவர் படைத்ததன்று. அதற்கு முன்னரே ஒரு பழைய பள்ளியார் அதனை வழங்கினர். அதனை அவர் மறைக்கவில்லை. தம் பள்ளியின் பெயராகிய கோதோகானையும் முன்னே சேர்த்துக் கோதோகான் ஜுதோ என்று வேறுபடுத்திக்கொண்டார். பாதிச் சொல்லிலே ஆசான்களுக்கு நன்றி. மறுபாதியிலே தாம் செய்த மாற்றம். இருபத்திரண்டு வயது நிரம்பாத ஓர் இளைஞர் செய்த வேலை இது.

கராத்தேயின் கதை இத்துணைத் தூயதன்று. ஒகினாவாத் தீவினர் தம் கைப்போரைச் சீனத்திடமிருந்து கற்றதை மறைக்காமல், சீனக்கை என்று பொருள்படும் எழுத்தால் எழுதிவந்தனர். அவ்வெழுத்தைக் 'காரா' என்றும் ஒலிக்கலாம். வெறுமை என்னும் பொருளுடைய வேறோர் எழுத்துக்கும் அதே ஒலி. 1905இலேயே ஹானாஷிரோ சோமோ என்னும் ஆசான் வெறுமை எழுத்தைக் கையாண்டார். ஃபுனாகோஷி கிச்சின் 1922இல் தோக்கியோவுக்குக் கலையைக் கொணர்ந்தபின் அவ்வழக்கம் வலுத்தது. 1936 அக்டோபர் 25இல் நாஹா நகரிலே ஆசான்கள் கூடி வெறுங்கை என்பதையே பெயராக ஏற்றனர். அடுத்த ஆண்டு ஜப்பான் சீனத்தின்மேற் பெரும்போர் தொடுத்தது. ஆயுதமின்மையைக் காட்டும் அழகிய பெயர் என்றும், புத்த நெறியின் வெறுமை என்றும் விளக்கம் கூறினர். விளக்கம் அழகியதுதான். ஆனால் ஒலி மாறாமல் எழுத்து மாத்திரம் மாறியபோது, கற்றுக்கொடுத்தவன் பெயர் அழிந்தது. பகை முற்றிய நாளிலே அது வசதியாகவும் இருந்தது. மறைக்கும் பெயருக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எமக்குத் தெரியாது.

நம்மவர் ஒரு விடயத்தில் ஒகினாவாவாரினும் நேர்மையர். இலங்கையின் கிழக்குக் கரையிலே தமிழரும் முஸ்லிம்களும் பயிலும் ஒரு முறைக்குச் சீனடி என்று பெயர். சீனத்து அடி என்பது அதன் பொருள். சிலம்படி, சீனடி என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது அவ்வூர் வழக்கு. கடன் பட்டவர் கடனைப் பெயரிலேயே எழுதிவைத்தனர். அதனால் அவர் கலை சிறுத்துவிடவில்லை.

ஒகினாவாவிலே மற்றொரு நிகழ்ச்சி. அது நம் தோட்டத்து வாத்தியாரை நினைவூட்டும். மியாகி சோஜுன் என்னும் ஆசான் நெடுநாள் கற்பித்தார். தம் முறைக்குப் பெயரே வைக்கவில்லை. பெயர் தேவை என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. 1930இல் அவர் மாணவர் ஷின்சாத்தோ ஜின்ஆன் தோக்கியோவில் ஒரு போர்க்கலை விழாவிலே ஆடினார். பார்த்த ஓர் ஆசான், இது எந்தப் பள்ளி என்று கேட்டார். ஷின்சாத்தோவுக்குத் திகைப்பு. பெயரில்லை என்றால், பழம்பெரும் பள்ளிகள் நிறைந்த அவையிலே தம் ஆசானைத் தாழ்வாக எண்ணுவர் என்று அஞ்சினார். அவ்விடத்திலேயே, பாதி வன்மையுடைய பள்ளி என்று பொருள்படும் ஒரு பெயரைக் கட்டிச் சொன்னார் என்பர். ஊர் திரும்பி ஆசானிடம் நடந்ததை உரைத்தார். ஆசான் சினக்கவில்லை. மாணவர் சொன்னதை எண்ணிப் பார்த்தார். பூபிஷி என்னும் சீனத்து வழிவந்த நூலிலே வன்மை மென்மை இரண்டையும் சேர்த்துக் கூறும் இடத்திலிருந்து கோஜு என்னும் சொல்லை எடுத்துச் சூட்டினார். வன்மென்மை என்று நாம் தமிழ்ப்படுத்தலாம். 1933இல் அப்பெயர் பதிவாயிற்று. ஒரு மாணவரின் தடுமாற்றத்திலே பிறந்த பெயர், இன்று உலகெங்கும் வழங்குகின்றது. நம் தோட்டத்து வாத்தியாரிடம் அவ்வினாவை எவரும் கேட்கவில்லை. அவருக்கும் ஷின்சாத்தோ போன்ற மாணவர் இருந்திருப்பர், ஆனால் தோக்கியோ விழா இல்லை.

பெயரிடுவோர் நம் நாட்டுக்கே வந்ததும் உண்டு. கொரியத் தளபதி சோய் ஹொங் ஹி, 1955 ஏப்ரலில் தம் நாட்டுக் கைகாற்போருக்குத் தேக்வாண்டோ என்னும் பெயரை ஏற்கச் செய்தார். கால், கைம்முட்டி, நெறி என்பன அதன் மூன்று உறுப்புகள். கொரியாவின் பழைய விளையாட்டாகிய தேக்கியோனின் ஒலியை அஃது ஒத்திருப்பதும் தற்செயல் அன்று. ஜப்பானிடமிருந்து கற்ற கராத்தேயின் சாயலைப் பழங்கொரியப் போர்வையால் மூடும் எண்ணமும் அதில் உண்டு. 1961இல் அவர் நாட்டாரே அப்பெயரை விட்டு வேறொன்றை வைத்தனர். 1962இல் சோய் மலாயாவுக்குத் தூதராக வந்தார்; இந்நாட்டிலே தம் கலையைத் தாம் வைத்த பெயராலேயே பரப்பினார். 1965இல் கொரியாவும் அப்பெயருக்குத் திரும்பிற்று. சொந்த நாட்டில் நீங்கிய பெயர் மலாயாவில் உயிரோடிருந்தது என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

தம் பெயரையே கலைக்கு இடுவதைப் பற்றி ஒரு சொல். புரூஸ் லீ முதலில் தாம் கற்பித்ததற்கு ஜுன் ஃபான் என்று தம் சீனப் பெயரையே இட்டிருந்தார். 1967இல் அதனை மாற்றி, தாக்கும் முட்டியை இடைமறிக்கும் நெறி என்று பொருள்படும் ஜீத் குன் தோ என்பதை வைத்தார். தம்மை நீக்கித் தம் கருத்தை வைத்தார் என்க. பின்னர் அப்பெயரும் ஒரு சிறையாகிவிடுமோ என்று அவரே ஐயுற்றார். அவர் இளமையிற் கற்ற விங் சுன் என்பதோ, யிம் விங் சுன் என்னும் பெண்ணின் பெயரால் வழங்குவது என்று சீனர் கதை கூறுவர். கதையோ வரலாறோ, ஒரு போர்முறையைப் பெண்ணின் பெயரால் அழைக்கச் சீனத்து ஆடவர் கூசவில்லை. நம்மிடையே? 1943இல் மலாயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ஜான்சி ராணிப் படையிற் சேர்ந்து துப்பாக்கி பிடித்தனர். துப்பாக்கி பிடித்த கைக்குக் கம்பு ஆகாது என்று சொன்ன ஊர்களும் இருந்தன. ஒரு சிலம்ப முறைக்கேனும் பெண்ணொருத்தி பெயர் உண்டா? குறவஞ்சி ஒன்றைச் சொல்லலாம். அதுவும் ஒருத்தியின் பெயர் அன்று.

மலாய் அண்டையரைப் பார்ப்போம். சிலாட்டு என்பது பொது. அதனுள் எண்ணிறந்த பள்ளிகள். கெடாவின் ஹனாபி ஹாஜி அகமது என்பார் 1965இல் பதிவு செய்த சிலாட் செக்காக் என்பதில், செக்காக் பற்றுதலைக் குறிக்கும். சிலாட் லிஞ்சா என்பதில் லிஞ்சா சுறுசுறுப்பு. காயோங் பத்தானி என்பது பத்தானி நாட்டை நினைவில் வைக்கின்றது. பேராக்கைச் சேர்ந்த மெயோர் அப்துல் ரகுமான் பரப்பிய சிலாட் செனி காயோங்கின் அன்பர், தம் மரபை ஹங் துவா வரை கொண்டுசெல்வர். முனிவரைத் தேடும் ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. ஆனால் ஒரு வேறுபாடு. அப்பள்ளிகள் 1983இல் தேசியக் கூட்டமைப்பு அமைத்தபோது, ஒவ்வொன்றும் தன் பெயரோடு உள்ளே சென்றது. 2019இல் யுனெஸ்கோவின் பட்டியலில் மலேசியாவின் சிலாட்டும் இந்தோனேசியாவின் பெஞ்சாக் சிலாட்டும் தனித்தனியே ஏறின. பெயர் இருந்தமையால் பங்கு கிடைத்தது. அக்கூட்டமைப்பில் நான்கு பள்ளிகளின் பெயரைக் கூறலாம். கீழ்ப்பேராக்குத் தோட்டங்களின் நான்கு சிலம்ப முறைகளைப் பெயர் சொல்லி எண்ணச் சொன்னால் நாம் என் செய்வோம்?

பெயரிடும் மரபு தமிழர்க்கு இல்லாததன்று. தொல்காப்பியப் புறத்திணையிலே ஆநிரை கவர்தல் வெட்சி, பகைவர் நிலத்தின்மேற் செல்லுதல் வஞ்சி, அரணை முற்றுதல் உழிஞை, களத்திற் கைகலத்தல் தும்பை, வெற்றி வாகை. இவற்றுட் பெரும்பாலன பூவின் பெயரும் ஆம். போர்ச்செயலைப் பூவால் அழைத்த மக்கள் நாம். அரசன் பெயரை இட்டாரில்லை; தெய்வத்தின் பெயரை இட்டாரில்லை; சூடிய பூவைக் கண்டு செயலை அறியச் செய்தனர். பனியின் சுமையிலே முறியாமல் வளைந்து அதனை உதிர்த்த அலரிமரத்தைக் கண்டு, அதன் பெயரைத் தன் மல்லுக்கு இட்டான் ஒரு வைத்தியன் என்று ஜப்பானியர் வியந்து சொல்வதைக் கேட்டு நாமும் வியக்கின்றோம்; வெட்சியையும் தும்பையையும் மறந்துவிட்டோம்.

ஆயின் ஹுத்தான் மெலிந்தாங்கிலே ஓர் இளைஞர் புதுமுறை ஒன்றை வகுத்தாரென வைத்துக்கொள்வோம். அவர் பிரம்பைக் கையாண்டால், பிரம்படி என்பது குறையுள்ள பெயரா? ஆற்றங்கரைச் சேற்றிலே கால் வழுக்காமல் நிற்கும் நிலையை அவர் கண்டிருந்தால், சேற்றடி என்றால் யார் நகைப்பர்? நகைப்போர் நகைக்கட்டும். பெர்ணம் வரிசை என்றால் ஊர் விளங்கும். சிலாட்டிலிருந்து ஒரு பூட்டைக் கொண்டிருந்தால், மலாய்ப்பூட்டு என்று அவ்வுறுப்புக்கேனும் பெயரிடுவதிற் குறைவென்ன? அடி, வரிசை, பூட்டு, வீச்சு, நிலை, சுவடு என்று நம்மிடம் சொற்கள் உள. இவற்றின் முன்னே ஒரு சொல் வைத்தாற் போதும். பதிவாளர் அலுவலகத்தில் மலாய் எழுத்தர் எழுதத்தக்கதாகவும், எட்டு வயதுச் சிறுமி பிழையின்றிச் சொல்லத்தக்கதாகவும் இருத்தல் நலம். பத்து அசையுள்ள வடமொழித் தொடரைக் கோத்து, அதனை விளக்க ஒரு நூல் அச்சிடுவோர்க்கு எம் அநுதாபம்.

பெயர் தேர்ந்த ஒரு தமிழ் இளைஞர் கூட்டத்தை மலாயா கண்டிருக்கின்றது. போர் முடிந்தபின் கெடாவிலே, பிடோங் வட்டாரத்துத் தோட்டங்களில், கள்ளுக்கடையை ஒழிக்க ஏ. எம். சாமி என்பார் தலைமையில் இளைஞர் திரண்டனர். அணிவகுத்துப் பயின்றனர், கள்ளுக்கடை வாயிலில் மறியல் செய்தனர். புலிப்படை என்றோ சிங்கப்படை என்றோ வைத்துக்கொள்ள அவர்களைத் தடுப்பார் எவரும் இல்லை. அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் தொண்டர் படை. 1947இல் அவ்வட்டாரத்திலே போலீசாருக்கும் தொழிலாளர்க்கும் மோதல் நிகழ்ந்தது. தொழிலாளர் அடிபட்டனர், சிறைப்பட்டனர், உயிரும் நீத்தனர். 1948 சூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், தோட்டத்து வெளியில் இளைஞர் கூடுவதே ஐயத்துக்குரியதாயிற்று. அவர்கள் கற்ற அணிவகுப்பை இன்று எவரும் அறியார். அவர்கள் இட்ட பெயர் வரலாற்று நூல்களில் இருக்கின்றது.

தோட்டங்கள் துண்டாகி, லயங்கள் இடிந்து, மக்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்துவிட்டனர். எனினும் எந்த வாத்தியார் எந்தத் தோட்டத்தில் எந்த அடியைப் புதிதாகக் காட்டினார் என்று சொல்லத்தக்க முதியோர் தெலுக் இந்தான் பக்கத்திலும் பாகான் டத்தோ பக்கத்திலும் இன்னும் சிலர் இருக்கலாம். புதுமுறை வகுத்த இளைஞர், தம் பலகைக்கு வண்ணம் வாங்குமுன், ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுத் திண்ணைக்குச் செல்க. அவ்வாத்தியார்களின் பெயரையும் அவ்வடிகளையும் முதற் பக்கத்தில் எழுதிக்கொள்க. தம் முறையின் பெயரை அதன் பின்பக்கத்தில் எழுதலாம்.